நான்கு வானவில் பட்டைகளும் ஒரு மீற்றர் பிழையும்

கேள்வி இதுதான். திருகோணமலையில் நில அளவை படிக்கும் ஒரு மாணவர், சென்டினல்-1 செய்மதி பன்னிரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ராடார் படங்களை இணைத்துப் பார்த்திருக்கிறார். திருகோணமலைக் கரையிலிருந்து அனுராதபுரத்துக்கு அப்பால் வரை நான்கு வானவில் பட்டைகள் வடக்குத் தெற்காக விழுந்திருக்கின்றன. ஒரு பட்டைக்கு 2.8 சென்றிமீற்றர் என்று கணக்குப் போட்டுவிட்டு, "நாட்டின் ஒரு பக்கம் பதினொரு சென்றிமீற்றர் தாழ்ந்துவிட்டதா? அல்லது நண்பர் சொல்வதுபோல் செய்மதியின் பாதை குழம்பியதா? பாதை குழம்பினால் படத்துக்கு என்ன ஆகும்?" என்று கேட்கிறார்.

நிலம் தாழவில்லை, பயப்பட வேண்டாம். நண்பர் சொன்னதில் பாதி சரி. பாதை குழம்பியது உண்மைதான், ஆனால் அது குழம்பாத நாளே கிடையாது. கொட்டியாரக்குடாவில் வள்ளத்தை நிறுத்தி வலை விடுகிறவருக்கு நீரோட்டம் இழுப்பது புதினமல்ல. கோணேசர் மலையையும் வெளிச்சவீட்டையும் பார்த்து, எவ்வளவு இழுபட்டோம் என்று கணக்கில் வைத்துக்கொண்டால் வலை போட்ட இடம் தவறாது. இருட்டில் அடையாளம் தெரியாமல் சிறிது இழுபட்டாலும் வலையைத் தேடி அலைய வேண்டியதுதான். செய்மதிக்கும் அதே கதை. எவ்வளவு விலகியது என்று தெரிந்துவிட்டால் பெரிய விலகலும் படத்தைக் கெடுக்காது. தெரியாமல் போன சிறு விலகல் கெடுத்துவிடும். மற்றதெல்லாம் இதன் விளக்கம்தான்.

முதலில், இந்த ராடார் எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்டினல்-1 ஏறத்தாழ 693 கிலோமீற்றர் உயரத்தில், நொடிக்கு ஏழரைக் கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. அன்டெனாவின் நீளம் 12.3 மீற்றர், அது அனுப்பும் அலையின் நீளம் ஐந்தரைச் சென்றிமீற்றர். இந்த அன்டெனாவை அப்படியே நம்பினால் சாய்வாக 850 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தரையில் ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் அகலமான ஒரு புள்ளியைத்தான் பிரித்தறிய முடியும். கோணேசர் கோயிலும் நகர பஸ் நிலையமும் ஒரே கறைக்குள் அடங்கிவிடும். அதனால் செய்மதி ஓடிக்கொண்டே ஆயிரக்கணக்கான துடிப்புகளை அனுப்பி, எதிரொலிகளைச் சேர்த்து வைக்கிறது. பிறகு, தான் ஓடிய தூரம் முழுவதையும் ஒரே நீண்ட அன்டெனாவாகப் பாவித்துக் கணினி அவற்றை இணைக்கிறது. ஒவ்வொரு எதிரொலி வந்தபோதும் செய்மதி எங்கே இருந்தது என்பது தெரிந்தால்தான் இந்த வித்தை நடக்கும். பாதையைப் பற்றிய அறிவு படத்துக்குள்ளேயே பின்னப்பட்டிருப்பது இங்கேதான்.

பலர் நினைப்பதுபோல் பாதை உலைவால் படம் மங்குவது அரிது. விமானத்தில் பொருத்திய ராடாருக்கு அது பெரிய தொல்லை, ஏனென்றால் காற்று ஒரு நொடிக்குள் விமானத்தைப் பல முறை உலுக்கும். செய்மதியை உலைக்கும் விசைகள் மெதுவானவை. ஒரு புள்ளியின் எதிரொலிகளைச் சேர்க்கும் அந்தக் குறுகிய நேரத்துக்குள் பாதை வழுக்கிக்கொண்டு ஓடும் மென்மையான வளைவுதான். ஆகவே படம் கூர்மையாகவே வரும். கூர்மையாக, ஆனால் வேறோர் இடத்தில் வரும். அல்லது உங்களுக்கு நடந்ததுபோல், இடமும் சரியாக இருந்து அலையின் அவத்தை மட்டும் சரிந்திருக்கும். அவத்தை என்பது திரும்பி வந்த அலை தன் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது. இரண்டு படங்களின் அவத்தை வித்தியாசம்தான் நீங்கள் பார்த்த வானவில்.

வேகம் பற்றிய தவறு என்ன செய்யும் என்பதைத் துறைமுகத்திலேயே பார்க்கலாம். குடாவுக்குள் விரைந்து வரும் கப்பல் ஒன்று ராடாரை நோக்கி நொடிக்கு ஐந்து மீற்றர் நெருங்குகிறது என்று வையுங்கள். அசையாத தரையைத்தான் பார்க்கிறோம் என்று கணினி நினைத்துக்கொண்டிருப்பதால், அந்தக் கப்பலை அரைக் கிலோமீற்றருக்கும் மேல் தள்ளி வைத்துவிடும். தொலைவை வேகத்தால் வகுத்தால் 850 கீழ் ஏழரை, அதாவது 113 நொடி. அதை ஐந்தால் பெருக்கினால் 565 மீற்றர். கப்பல் தன் சொந்த அலைத்தடத்தை விட்டு விலகி நிற்பதையும், சில வேளை கரைமீதே ஏறி நிற்பதையும் படங்களில் கண்டிருக்கிறேன். செய்மதியின் வேகத்தை நாம் தவறாகக் கொடுத்தாலும் இதே கணக்குத்தான், ஆனால் அப்போது ஒரு கப்பலோடு நிற்காது, மூதூரும் கிண்ணியாவும் சேர்ந்து நகரும். நல்லவேளையாக வேகம் இன்று மிக நுட்பமாகத் தெரியும். இதனால் நடைமுறையில் யாரும் அடி வாங்குவதில்லை.

சரி, பாதையை உலைப்பவை எவை?

முதல் ஆள் பூமியே. பூமி பந்து அல்ல. நடுக்கோட்டில் ஆரை 6378 கிலோமீற்றர், துருவத்தில் 6357. இடுப்பில் இருபத்தொரு கிலோமீற்றர் பருத்த இந்த உருண்டை, செய்மதியின் சுற்றுத்தளத்தை ஓயாமல் பக்கவாட்டில் முறுக்குகிறது. இதை ஒரு குறை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பூமிக்கு அநியாயம் செய்தவனாவேன். சுற்றுத்தளத்தை 98.18 பாகை சாய்த்து வைத்தால், அந்த முறுக்கு நாளொன்றுக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாக அமைகிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் அதுவே. விளைவாக, செய்மதி ஆண்டு முழுவதும் ஒரே சூரிய நேரத்தில்தான் நம் தலைக்கு மேல் வரும். சென்டினல்-1 நம் பக்கம் காலை ஆறு மணியளவில் வடக்கிலிருந்து தெற்காகவும், மாலை ஆறு மணியளவில் தெற்கிலிருந்து வடக்காகவும் போகிறது. ராடாருக்கு வெளிச்சம் தேவையில்லைதான், ஆனால் அதை இயக்கும் சூரியக்கலத்துக்குத் தேவை. பகலும் இரவும் சந்திக்கும் கோட்டிலேயே ஓடுவதால் கலத்தில் அநேகமாக எப்போதும் வெயில் படுகிறது. பூமியின் பருத்த இடுப்பு இல்லாவிட்டால் இந்தச் சௌகரியம் இல்லை. உலைவைக் கூலிக்கு அமர்த்தி வேலை வாங்கியிருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

அதே பருத்த இடுப்புக்கு வேறொரு விலையும் உண்டு. செய்மதிக்கும் தரைக்கும் உள்ள உயரம் ஒரு சுற்றுக்குள்ளேயே பல கிலோமீற்றர் ஏறி இறங்குகிறது. எதிரொலி எப்போது வரும் என்பது அதோடு மாறும். ஆகையால் செய்மதி உயரத்துக்கேற்ப உடலைச் சற்றே உருட்டிச் சாய்த்துக்கொண்டு போகிறது. போதாக்குறைக்குக் கீழே பூமி சுழல்கிறது. நடுக்கோட்டில் தரை நொடிக்கு 465 மீற்றர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. அதை ஈடுசெய்ய முகத்தையும் சில பாகை திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாம் இருப்பது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் என்பதால், இந்தத் திருப்பம் அதிகம் தேவைப்படும் இடங்களில் திருகோணமலையும் ஒன்று.

இரண்டாவது ஆள் காற்று. 693 கிலோமீற்றரில் என்ன காற்று என்று கேட்பீர்கள். மிக மிக மெல்லியது, ஆனால் இருக்கிறது. சூரியன் கொந்தளித்தால் அது சூடேறிப் பொங்கி மேலெழும். 2022 பெப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் ஏறத்தாழ நாற்பது, மறுநாள் வந்த காந்தப் புயலில் காற்று தடித்ததால் மேலேற முடியாமல் விழுந்து எரிந்தன. அவை ஏறத்தாழ 210 கிலோமீற்றர் உயரத்தில் இருந்தவை. நமது ராடார்கள் விழாது. ஆனால் இழுபடும்.

எவ்வளவு இழுபடும் என்பதைக் கைக்கணக்காகப் பாருங்கள். காற்று இழுத்து, பாதை வெறும் பத்து மீற்றர் இறங்கிவிட்டது என்று வைப்போம். கீழே இறங்கிய செய்மதி விரைவாகச் சுற்றும். ஒரு சுற்றுக்கு 98.7 நிமிடம், அதில் நொடியின் எண்பதில் ஒரு பங்கு குறையும். இது ஒன்றுமில்லைப் போலத் தெரியும். ஆனால் நாளொன்றுக்குப் பதினான்கரைச் சுற்றுகள். நாள் முடிவில் 0.18 நொடி முந்திக்கொள்ளும். அந்த 0.18 நொடிக்குள் பூமி சுழல வேண்டிய தூரம் சுழலாமல் மிஞ்சும், அதாவது நடுக்கோட்டில் ஏறத்தாழ 85 மீற்றர். தரையில் செய்மதியின் தடம் அவ்வளவு கிழக்கே விலகும். அப்படியே விட்டால் பன்னிரண்டு நாளில், 175 சுற்று முடித்து அதே தடத்துக்குத் திரும்ப வேண்டிய செய்மதி ஒரு கிலோமீற்றர் தள்ளி வந்து நிற்கும். பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஒரு கிலோமீற்றர் விலகல்! சென்டினல்-1 ஐம்பது மீற்றர் ஆரையுள்ள ஒரு கற்பனைக் குழாய்க்குள் ஓட வேண்டும் என்பது விதி. அதனால்தான் சில நாட்களுக்கு ஒருமுறை சிறிய உந்திகளை இயக்கிப் பாதையைத் தூக்கி வைக்கிறார்கள். இந்தத் தூக்கலே ஒரு குழப்பம்தான். உந்தி இயங்கிய நேரத்தை ஒட்டி எடுத்த படங்களில் பாதைக் கணக்கு சற்றுத் தளர்ந்திருக்கும்.

சந்திரன், சூரியன் ஆகியவற்றின் ஈர்ப்பு, கலத்தின்மீது படும் ஒளியின் அழுத்தம் என்று இன்னும் உண்டு. அவை எல்லாம் மாதிரிகளுக்குள் அடங்கிவிடும், அவற்றில் நேரம் செலவிட வேண்டாம். அடங்காதவையும் நடக்கும். 2016 ஓகஸ்ட் 23 அன்று, சென்டினல்-1 வரிசையின் முதற் செய்மதியான சென்டினல்-1ஏயின் பாதையிலும் நிற்கும் கோணத்திலும் திடீரென ஒரு சிறு மாற்றம் தெரிந்தது, மின்சாரமும் கொஞ்சம் குறைந்தது. செய்மதியிலிருந்த கமராவைத் திறந்து பார்த்தபோது சூரியக்கலத்தில் ஏறத்தாழ நாற்பது சென்றிமீற்றர் அகலத்துக்குக் காயம். அடித்தது சில மில்லிமீற்றர் அளவேயான துகள். அவ்வளவு சிறிய தட்டலும் பாதைக் கணக்கில் தெரிந்தது என்பதே எனக்கு வியப்பு.

இனி உங்கள் நான்கு பட்டைகளுக்கு வருகிறேன். இரண்டு படங்களை எடுத்தபோது செய்மதி நின்ற இரண்டு இடங்களுக்கும் இடையே குறுக்காக உள்ள இடைவெளியைத் தளக்கோடு என்போம். அது நூறு மீற்றர் என்று வையுங்கள். ராடார் பார்க்கும் 250 கிலோமீற்றர் அகலத்தில், அருகிலுள்ள ஓரத்துக்கும் தூர ஓரத்துக்கும் பார்வைக் கோணம் ஏறத்தாழ கால் ரேடியன், அதாவது பதினான்கு பாகை, மாறுகிறது. நூறு மீற்றரைக் காலால் பெருக்கினால் 25 மீற்றர் தொலைவு வித்தியாசம். அலை போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் 2.8 சென்றிமீற்றருக்கு ஒரு பட்டை. ஆக, எதுவும் செய்யாமல் விட்டால் படத்தின் குறுக்கே ஏறத்தாழ தொள்ளாயிரம் பட்டைகள் விழும்! அவற்றை நீங்கள் பார்க்கவேயில்லை. ஏனென்றால் மென்பொருள், செய்மதி எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று பதிந்த பாதைக் கோப்பைப் படித்து, தொள்ளாயிரத்தையும் கணக்கிட்டுக் கழித்துவிட்டது. நூறு மீற்றர் விலகல், சேதம் பூச்சியம்.

இப்போது அந்தக் கோப்பில் ஒரு மீற்றர் பிழை என்று கொள்வோம். அதே கணக்கில் ஒன்பது பட்டைகள் கழிபடாமல் எஞ்சும். உங்கள் படத்தில் தரை விழுந்திருப்பது ஏறத்தாழ 110 கிலோமீற்றருக்கு, மற்றது கடல். ஒன்பதில் அந்தப் பங்கு நான்கு. நீங்கள் எண்ணியதும் நான்கு. பட்டைகள் பறப்புத் திசைக்கு இணையாக ஓடுவதும், கந்தளாயையோ காட்டையோ வயலையோ மதிக்காமல் நேராகப் போவதும் இதே முடிவையே காட்டுகின்றன. உண்மையில் தாழும் நிலம் இப்படிக் கோடு போட்டாற்போல் தாழாது.

ஒரு மீற்றர் பிழை எங்கிருந்து வந்தது? அநேகமாகக் கோப்பை மாற்றாமல் விட்டதால். செய்மதியிலுள்ள ஜி.பி.எஸ். அளவீடுகளை வைத்து, சில மணி நேரத்தில் ஒரு பாதைக் கோப்பு வெளியாகும். அது பத்துச் சென்றிமீற்றர் தரம். எல்லாத் திருத்தங்களும் முடிந்த நுட்பக் கோப்பு ஏறத்தாழ இருபது நாள் கழித்து வரும். அது ஐந்து சென்றிமீற்றர் தரம். இவை இரண்டும் இல்லாமல், முன்கூட்டியே ஊகித்த பாதையை வைத்துச் செய்தால் மீற்றர் கணக்கில் தவறலாம். நுட்பக் கோப்பை இரண்டு படத்துக்கும் கொடுத்தால் மிஞ்சுவது முழு அகலத்துக்கும் அரைப் பட்டை அளவுதான்.

நானும் இதே குழியில் விழுந்தவன்தான். கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்ததை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும், அந்தக் கட்டு அசைகிறது என்று ஒரு படம் காட்டினால் நெஞ்சு பதறும். எனக்கு அப்படி ஒரு படம் கிடைத்தது. இரவோடு இரவாக ஒரு நண்பரைத் தொலைபேசியில் எழுப்பிச் சொல்லியும் விட்டேன். விடிந்த பிறகுதான் கவனித்தேன். ஒரு படத்துக்கு நுட்பக் கோப்பு, மற்றதுக்கு ஊகக் கோப்பு. கட்டு அசையவில்லை, அநுராதபுரப் பக்கமும் அதே அளவு "அசைந்திருந்தது". அந்த நண்பர் இன்றும் என்னைக் கண்டால், "குளம் சுகமா?" என்று கேட்கிறார்.

எல்லாப் பழியையும் பாதைமேல் போடுவதும் தவறு. நம் ஊரில் பாதைத் தவறு போலவே வேடமிடும் இரண்டு விடயங்கள் உண்டு.

ஒன்று கடல்மட்ட விவகாரம். உலகிலேயே ஈர்ப்புக் குழி மிக ஆழமாக இருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்துப் பெருங்கடலில்தான். சராசரிக் கடல்மட்டம் அங்கே, பூமியின் வடிவத்துக்கு ஈடாக நாம் வைத்துக்கொள்ளும் கணித நீள்வட்டப் பரப்பைவிட 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. திருகோணமலையிலும் தொண்ணூறு மீற்றருக்கும் அதிகமாகத் தாழ்வு. உப்புவெளிக் கடற்கரையில் காலை நனைத்துக்கொண்டு ஜி.பி.எஸ். கருவியின் நீள்வட்ட உயரத்தைப் படித்தால், மைனஸ் தொண்ணூறுக்கும் கீழே ஓர் எண் வரும். புதிதாகக் களத்துக்கு வரும் பிள்ளைகள் கருவி பழுது என்று திருப்பித் தந்துவிடுவார்கள். செய்மதிப் பாதையோ நீள்வட்டத்தோடு பொருந்திய அளவில் இருக்கிறது. 2000 பெப்ரவரியில் என்டெவர் விண்ணோடம், அறுபது மீற்றர் கம்பம் நீட்டி எடுத்த உயரப்படம் கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. இரண்டையும் மாற்றிக் கணக்கிடாமல் கலந்தால், தரை தொண்ணூற்றைந்து மீற்றர் உயர்ந்துவிட்டதாகக் கணினி நம்பும். படம் ஏறத்தாழ 120 மீற்றர் பக்கவாட்டில் நகரும். பார்ப்பவர் "பாதை தவறு" என்பார். கடல்மட்டமும் நீள்வட்டமும் ஒட்டிக் கிடக்கும் நாட்டில் இந்தத் தவறு கண்ணுக்கே தெரியாது. இங்கே பிடித்து அறையும்.

சோதித்துப் பார்க்கச் சீனக்குடா நல்ல இடம். பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் வரிசையாக நிற்கின்றன. சுவரும் தரையும் சந்திக்கும் மூலையில் ராடார் அலை இரண்டு முறை தெறித்துத் திரும்புவதால், ஒவ்வொரு குதமும் இருண்ட காட்டுக்குள் வெள்ளை மணிபோல் ஒளிரும். வேறு நல்ல வரைபடத்தோடு அந்த மணிகளைப் பொருத்திப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில், ஒரே அளவு தள்ளியிருந்தால் நேரத்திலோ பாதையிலோ உயர அடிப்படையிலோ பிழை. கோணேசர் மலையை மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள். காலைச் சுற்றில் செய்மதி வங்காள விரிகுடாப் பக்கம் நின்று மேற்கே பார்க்கிறது. கடலைப் பார்த்த செங்குத்துப் பாறை ராடாரை நோக்கிச் சரிந்து, உச்சி அடிவாரத்துக்கு முன்னால் விழுந்துவிடும். அது வடிவியலின் குணம், எந்தப் பாதைக் கோப்பாலும் தீராது.

மற்றொன்று வானம். காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகில் போகிறது. அதனால் மாலை ஆறு மணிச் சுற்றில், மின்னேற்றத் துகள்கள் நிறைந்த மேல்வளி அடுக்கான அயன்மண்டலம் இன்னும் அடர்ந்திருக்கும், காலையில் அடங்கியிருக்கும். நீண்ட அலையைப் பயன்படுத்தும் ராடார்களில் இது பெரிய தலைவலி. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நைசார் செய்மதியின் இருபத்துநான்கு சென்றிமீற்றர் அலைக்கும் இது பொருந்தும். அயன்மண்டலம் போடும் சரிவும் பாதைத் தவறு போல அகன்று, மென்மையாகவே வரும். வாடைக்காற்றுக் கால ஈரப்பதமும் அவத்தையைக் குழப்பும், ஆனால் அது மேகத்தைப்போலத் திட்டுத்திட்டாக இருக்கும். கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

"சரிவை ஒரு தளமாகப் பொருத்திக் கழித்துவிட்டால் போதாதா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யலாம், பலர் செய்கிறார்கள். நான் அதைக் கடைசியாகத்தான் செய்வேன். நம் படத்தில் பாதி கடல். கடலில் அவத்தை நிலைக்காது, ஆகவே தளத்தைத் தரைப்பகுதியை மட்டும் வைத்தே பொருத்த வேண்டும். அதுவும் மேற்கே ஒரு பக்கத்தில்தான் தரை. கிழக்கு விளிம்பான திருகோணமலை நகரமும் நிலாவெளியும், அந்தப் பொருத்தத்தின் தூர நுனியில் தொங்குகின்றன. அங்கே சிறு பிழையும் பெருகும். உண்மையான அசைவு ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்துத் துடைத்துவிடுவீர்கள். நுட்பக் கோப்பால் தீர்கிற விடயத்துக்குச் சவர்க்காரம் எதற்கு?

சென்டினல்-1 அகலமான படத்தைச் சிறு சிறு துண்டங்களாக எடுப்பதால் ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. பறப்புத் திசையில் இரண்டு படங்களையும் படப்புள்ளியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் பொருத்த வேண்டும். தவறினால் துண்டங்களின் எல்லையில் நிறம் படிபோல் துள்ளும். ஒரு படப்புள்ளி அத்திசையில் ஏறத்தாழ பதினான்கு மீற்றர். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஒன்றரைச் சென்றிமீற்றர். ஐந்து சென்றிமீற்றர் தரமுள்ள நுட்பக் கோப்பாலும் தனியே அதைத் தர முடியாது. எனவே துண்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரங்களில் அவத்தையை ஒப்பிட்டு மென்பொருள் மிச்சத்தைத் திருத்தும். அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் இரண்டாவது படத்தின் திகதியைப் பார்த்தேன். இன்றோடு பதினாறு நாள்தான் ஆகிறது, அதற்கு நுட்பக் கோப்பு இன்னும் வந்திருக்காது. முதற்படத்துக்கு வந்திருக்கும். இப்போதைக்கு இரண்டுக்கும் சில மணி நேரத்தில் வரும் கோப்பையே கொடுத்து மறுபடி ஓட்டுங்கள், நான்கு பட்டைகளும் ஒன்றுக்கும் கீழே இறங்கும். அடுத்த வாரம் நுட்பக் கோப்போடு இன்னொரு முறை. அதன் பிறகும் கந்தளாய்ப் பக்கம் மட்டும் தனியாக ஏதாவது வட்டம் தெரிந்தால், நேரம் பார்க்காமல் என்னை எழுப்புங்கள்.